முத்துப்பேச்சி கீழே உட்கார்ந்த ஆடி ஞாயிறு

இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. என் அக்கா இசக்கி சொன்னாள். அவள் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் சிந்தெடிக் சேலைப் பிரிவில் நிற்பவள். போட்டி அரங்கத்தில் நடந்ததை அவளுக்கு, அவளோடு வேலை பார்த்த முத்துப்பேச்சி சொன்னாள். ஆகவே என்னிடம் வந்து சேர்ந்தபோது கதையின் பாதி இரண்டு வாய் மாறியிருந்தது. கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். சந்தேகம் வந்த இடங்களில் அக்காவிடம் மறுபடி கேட்டேன், மூன்றாம் முறை கேட்டபோது, "நீ காலேஜ் போனவன்னா நான் பொய் சொல்லுதவளா?" என்று போனை வைத்துவிட்டாள். கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அக்காவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

தெற்கே ஒரு நகரத்தில், பேருந்து நிலையத்தில் இறங்கினாலே கண்ணில் படுகிற ஐந்து மாடிக் கடை அது. காலை ஒன்பதரைக்கு ஷட்டர் ஏறினால் இரவு ஒன்பதே முக்காலுக்கு இறங்கும். அந்தப் பன்னிரண்டே கால் மணி நேரமும் அங்கே விற்பனையில் இருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நிற்க வேண்டும், ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், ஈ ஆடாவிட்டாலும் நிற்க வேண்டும், கவுன்டரில் சாயக் கூடாது, தூணில் சாயக் கூடாது, ஒரு காலைத் தளர்த்தி மறுகாலில் பாரத்தைப் போட்டால்கூட மூலையில் இருக்கிற கேமரா பார்த்துச் சொல்லிவிடும், சொன்னால் அந்த மாதத்து லீவு போய்விடும். வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த ஸ்டூல்கள் உண்டு. அவை நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் வாடிக்கையாளருடையவைதான். வேலை செய்கிறவர் உட்காரத்தக்க நாற்காலி மாடிக்கு ஒன்று இருந்தது. அது பில் போடுகிற பெண்ணுடையது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போனால் அடுத்து யார் என்பது இரண்டாம் மாடியில் பெரிய பேச்சாக இருக்கும். ஒரு நாட்டுக்கு அடுத்த ராஜா யார் என்று பேசுகிற மாதிரிதான் பேசிக்கொள்வார்கள் என்றாள் அக்கா.

முத்துப்பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்கு வந்தவள். ஒன்பது வருஷம் நின்றாள். ஐந்தாம் வருஷத்தில் கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாக முடிச்சு விழ ஆரம்பித்தது. ஏழாம் வருஷத்தில் இரவு விடுதியில் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்க முடிந்தது. டாக்டர் அம்மா, "ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பேச்சி அந்தச் சீட்டை சூப்பர்வைசர் குணசீலனிடம் காட்டினாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான் இருக்கு" என்று தன் பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

அப்படி இருக்கிற நாளில் மகளிர் தினம் வந்தது. சின்ன முதலாளி, அதாவது முதலாளியின் மகன், வெளியூரில் படித்து வந்தவர், கோலப்போட்டி எல்லாம் பழசு என்று நினைத்தார். சைக்கிள் கடை மாடியில் பிரின்ஸ் என்கிற நாகர்கோவில்காரன் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டு, கையையோ கழுத்தையோ மடக்கி எதிராளியைத் தரையில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கிற மல்லுக்கட்டு அது. கடைப் பெண்கள் எட்டுப் பேர் அதைக் கற்றுக்கொள்வதாகப் படம் பிடித்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கடை திறப்பதற்கு முன், காலை ஆறு மணிக்கு, வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

முதல் நாள் பிரின்ஸ், "எல்லாரும் இப்படி உட்காருங்க" என்றான்.

எட்டுப் பேரும் நின்றார்கள்.

"உட்காருங்கன்னேன்."

எட்டுப் பேரும் சுவரின் மூலைகளைப் பார்த்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினார்கள் என்பது பிரின்ஸுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. கடைசியில் பேச்சிதான் கேட்டாள்: "மாஸ்டர், சும்மா சொல்லுதீங்களா, நெசமாவே உட்காரணுமா?"

"வேற எப்படி உருளுவ? நின்னுக்கிட்டா?"

படம் எடுத்து முடிந்ததும் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். பேச்சி போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சண்டையில் ஆசை இருந்ததாக அக்கா சொல்லவில்லை. அங்கே ஒரு மணி நேரம் படுக்கலாம், அதுதான். ஆனால் நின்று மோதுகிற இடத்தில் எல்லாம் முட்டி நடுங்கி விழுந்தவள், முதுகைத் தரையில் போட்டதும் வேறு ஆளாகிவிடுகிறாள் என்பதைப் பிரின்ஸ் இரண்டாம் மாதத்தில் கண்டுபிடித்தான். உடம்பைச் சுமக்கிற வேலையிலிருந்து விடுபட்ட கால்கள் இரண்டும் இரண்டு புதுக் கைகளைப் போல் எதிராளியின் இடுப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டன. ஒன்பது வருஷம் ஒரு ஆளை நிற்கவைத்த கால்கள், பிடித்தால் விடவா செய்யும்.

"இதுக்குப் பேரு கார்டு இழுக்குறது, காலையே காவலா வச்சு" என்றான் பிரின்ஸ். "அவ உன்னத் தள்ளுறதுக்கு முன்னாடி நீயே உட்காரு. ஆனா சும்மா உட்காரக் கூடாது, அதுக்கு நடுவர் தண்டனை குடுப்பார். அவ காலர் உன் ஒரு கையில, அவ சட்டக்கை மறு கையில, அவளையும் சேத்து இழுத்துக்கிட்டு உட்காரு. உன் ரெண்டு காலுக்கு நடுவுல வந்து விழுவா. மேல இருக்குறது அவதான், ஆனா அங்கருந்து எங்க போகணும்னாலும் உன் கால்கிட்ட கேட்டுத்தான் போகணும், கேட்டியா."

"கீழ இருந்தா தோத்ததா ஆகாதா மாஸ்டர்?"

"ஆகாது."

"மாஸ்டர், அதத் திருப்பிச் சொல்லுங்க" என்றாள் பேச்சி.

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு வேறொரு நகரத்தில் மாநில அளவிலான போட்டி நடக்கும் என்று அறிவித்தார்கள். சின்ன முதலாளி பேச்சியின் பெயரைக் கொடுத்தார். வெள்ளை உடுப்பு புதிதாக வந்தது. அதன் முதுகு முழுக்கக் கடையின் பெயரைச் சிவப்பு நூலில் பெரிதாகத் தைத்திருந்தார்கள். கீழே, 'தளராத சேவை' என்றும் இருந்தது. பேச்சி பயிற்சியில் கார்டு இழுக்கிறதைப் பார்க்க வந்த சின்ன முதலாளி முகம் மாறிப்போனார்.

"என்ன பிரின்ஸ் இது. ஆரம்பிச்ச உடனே இந்தப் பொண்ணு மல்லாந்து படுத்துடுது. கடை பேரு தரையில கெடக்கு. யாரு பாப்பா?"

"அது அவ ஆட்டம் சார்."

"நம்ம கடைப் பொண்ணு எங்கயும் உட்காராது. அதான் நம்ம பேரே." பிறகு பேச்சியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நின்னு ஜெயிச்சிட்டு வா. ஆவணியில செகண்ட் ஃப்ளோர் பில்லிங்ல இடம் காலியாகுது. அந்தச் சேர் உனக்குத்தான்."

உட்காராமல் ஜெயித்தால் உட்காரலாம். பேச்சி அன்று அதை நினைத்துச் சிரிக்கவில்லை. அந்த நாற்காலியின் பச்சை ரெக்ஸின், அது கிழிந்து பஞ்சு தெரிகிற இடம், சுழலும்போது வருகிற கிறீச் சத்தம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஐந்து வாரம் நின்று மோதிப் பழகினாள்.

போட்டியன்று கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அரங்கத்திலிருந்து நேரலையாக வருகிற படத்தை எல்லா மாடித் திரைகளிலும் போட்டிருந்தார்கள். சின்ன முதலாளி அரங்கத்தில், மேட் என்கிற மெத்தை விரிப்பின் ஓரமாக, கடையின் பெயர் போட்ட குடையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெயில் கிடையாது, படத்தில் விழுவதற்காகக் குடை. முதல் சுற்றில் பேச்சி நின்றே ஜெயித்தாள், எதிராளி தானாக வழுக்கி விழுந்ததால். இரண்டாம் சுற்றிலும் நின்றே ஜெயித்தாள், எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. இறுதிச் சுற்றில் வந்தது அக்ஷரா என்ற சென்னைக் கல்லூரிப் பெண். அவளுடைய கால்கள் நன்றாகத் தூங்கி எழுந்த கால்கள். முதல் நிமிடத்திலேயே பேச்சியைத் தூக்கிப் போட்டாள். அவளுக்கு இரண்டு புள்ளி.

"எந்திரி, எந்திரி, பேரு தெரியல" என்றார் சின்ன முதலாளி.

பேச்சி தடுமாறி, புரண்டு, எழுந்து நின்றாள். முழங்கால் இரண்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிடமும் நாற்பது விநாடியும் மிச்சம் என்று கடிகாரம் காட்டியது. அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. அக்ஷரா மேல் இல்லை. தன் காலின் மேல் கொஞ்சம். பிறகு காலை அப்படி ஆக்கியவர்கள் மேல். பிறகு, அப்படி ஆக்கியவர்கள் பெயரை முதுகில் சுமந்துகொண்டு, அந்தப் பெயர் தரையில் படக் கூடாது என்று நடுங்கிக்கொண்டு நிற்கிற தன் மேல். வலது கையால் அக்ஷராவின் காலரைப் பிடித்தாள், இடது கையால் சட்டைக்கையைப் பிடித்தாள், ஒரு பாதத்தை அவள் இடுப்பில் ஊன்றி, அவளையும் இழுத்துக்கொண்டு, தானாக, வேண்டுமென்றே, கீழே உட்கார்ந்தாள்.

அந்த நொடியில் கடையின் ஐந்து மாடியிலும் விற்பனைக்கு நின்ற இருநூற்றுப் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள்.

முதலில் தூக்கிப் போடப்பட்டபோது கடையில் ஒன்றும் நடக்கவில்லை. விழுந்தது வேறு, உட்கார்ந்தது வேறு. யாரோ தோளையும் மணிக்கட்டையும் பிடித்து, வலிக்காமல், ஆனால் மறுக்க முடியாமல் கீழே இழுத்த மாதிரி இருந்தது என்றாள் அக்கா. சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர்கள் விரித்த சேலையோடு உட்கார்ந்தார்கள், ஏணியில் நின்று பெட்டி எடுத்தவர்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து உட்கார்ந்தார்கள், ஆண்கள் பிரிவில் வேட்டி அளந்துகொண்டிருந்தவர்கள் மீட்டர்க் கோலோடு உட்கார்ந்தார்கள். பில் போடுகிற ஐந்து பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. குணசீலனையும் அது இழுத்தது. அவர் இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டார்.

"என்னட்டி இது, எல்லாவளும் எந்திங்க. கேமரா பாக்குது."

"எந்திக்க வரல சார்" என்றாள் என் அக்கா.

"வராம என்ன?"

"நீங்க அந்தத் தூண விட்டுட்டு வந்து தூக்கிப் பாருங்க."

அவர் தூணை விடவில்லை. வாசல் காவலர்கள் நான்கு பேரை வரவழைத்தார். நான்கு பேரும் சேர்ந்து அக்காவைத் தூக்கினார்கள். கிரானைட் கல்லைத் தூக்கப் பார்க்கிற மாதிரி இருந்தது அவர்களுக்கு. அப்போதுதான் குணசீலன் திரையைப் பார்த்தார். திரையில் பேச்சி அக்ஷராவைப் புரட்டுவதற்காக இடுப்பை ஒரு சாண் தூக்கினாள். இரண்டாம் மாடியில் நாற்பத்து மூன்று பேரும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினார்கள். பேச்சி இறங்கினாள், அவர்களும் இறங்கினார்கள். இருபது வருஷம் ஆட்கள் நிற்பதையே பார்த்துச் சம்பளம் வாங்கியவருக்கு அதைப் புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்தபடி மறு கையால் சின்ன முதலாளிக்குப் போன் செய்தார்.

அரங்கத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கத்தினார்கள். பிரின்ஸ் கத்தினான், ஏனென்றால் அக்ஷராவின் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து, புரட்டுவதற்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது; புரட்டி மேலே வந்தால் இரண்டுக்கு இரண்டு, அப்படியே மார்பின் மேல் ஏறினால் வெற்றி. "எழும்பு பேச்சி, இப்போ எழும்பு."

சின்ன முதலாளி குடையைப் போட்டுவிட்டு மேட் ஓரத்தில் மண்டியிட்டார். "எந்திரி பேச்சி. அங்க கடையில எல்லாரும் உட்கார்ந்துட்டாங்களாம். நீ எந்திரிச்சாத்தான் எந்திரிப்பாங்களாம். ஆடி ஞாயிறும்மா. ஜெயிச்சு எந்திரி, சேர் உனக்குத்தான்."

பேச்சி அதைக் கேட்டாள். அவள் ஆச்சரியப்படவில்லை. காய்ச்சல் இறங்குகிற மாதிரி ஏதோ இறங்கும் என்று எதிர்பார்த்தாளாம், இறங்கவில்லை, கோபம் அப்படியே இருந்தது, அதற்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது.

"எல்லாருமா?" என்றாள் கீழே இருந்தபடி.

"எல்லாரும்தான். எந்திரி."

"இசக்கியக்காவுமா?"

"யாரு இசக்கி? எல்லாரும்."

"மாசமா இருக்காளே கீழ்த்தளத்துல, நைட்டி செக்ஷன்ல, அவளுமா?"

சின்ன முதலாளிக்கு அப்படி ஒருத்தி இருப்பது தெரியாது. பேச்சி அக்ஷராவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கணுக்காலையும் மாற்றிப் போட்டுப் பூட்டினாள். அவள் கால்களுக்குள் மாட்டிக்கொண்ட அக்ஷரா காதோரமாகக் கேட்டாள்: "அக்கா, என்ன நடக்குது?"

"ஒன்னுமில்லம்மா. நீதான் ஜெயிக்கப் போற. கொஞ்ச நேரம் இப்படியே இரு."

"புரட்டு" என்று பிரின்ஸ் கத்திக்கொண்டே இருந்தான். அவன் குரலுக்காக மட்டும் அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஒரு நிமிடம் மிச்சம், பிறகு ஐம்பது விநாடி, பிறகு இருபது விநாடி. புரட்டுகிற வாசல் நான்கு தடவை திறந்தது. நான்கு தடவையும் பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். மணி அடித்தது. பூஜ்யத்துக்கு இரண்டு. அக்ஷரா ஜெயித்தாள். நடுவர் இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார், ஜெயித்தவள் கையைத் தூக்க வேண்டும். பேச்சி கால்களைத் திறந்து அக்ஷராவைப் போகவிட்டாள். தான் எழவில்லை.

"தோத்தாச்சு, எந்திரிங்க" என்றார் நடுவர்.

"தோத்ததுக்கும் எந்திரிக்கணுமா சார்?"

விதிப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லாததால் அவர் அக்ஷராவின் கையை மட்டும் தூக்கிவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பக்கத்து மேட்டுக்கு மாற்றினார். அக்ஷரா பதக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைக் கொடுத்தாள். சின்ன முதலாளி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து மேட்டின் மேலேயே போட்டார்.

"இந்தா, சேர். இப்பவே. இதுல உட்காரு."

பேச்சி அதை ஏறிட்டுப் பார்த்தாள். "இதுல உட்காரணும்னா முதல்ல எந்திக்கணுமே" என்றாள்.

கடையில் அதற்குள் ஜனங்கள் பழகிவிட்டார்கள். அக்கா இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் குரலை இறக்கிக்கொள்வாள். முதல் பத்து நிமிடம் வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். காசு கொடுத்து வாங்க வந்தால் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்களா என்றார்கள். பிறகு கோவில்பட்டியிலிருந்து கல்யாணத்துக்கு எடுக்க வந்த ஓர் அம்மாள், குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறது என்று தானும் தரையில் உட்கார்ந்து, "அந்த மாம்பழக் கலர இப்படிப் போடு தாயி" என்றாள். அதைப் பார்த்து அவளோடு வந்த பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். அரை மணியில் மாடி முழுக்கச் சேலையும் மனிதர்களுமாகத் தரையில் பரவிக் கிடந்தது. எட்டுகிற உயரத்தில் இருந்தவற்றை உட்கார்ந்தவர்கள் எடுத்தார்கள், எட்டாதவற்றை வாடிக்கையாளர்களே எடுத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் காலியான நடைபாதையில் ஓடினார்கள். நைட்டிப் பிரிவில் இருந்த மாசமான பெண் நைட்டிக் குவியலில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். அவளை எழுப்பாமல் பேச வேண்டும் என்று முன்பின் தெரியாத பெண்கள் ஒருவரையொருவர் அதட்டினார்கள். ஒலிபெருக்கியில், 'தொழில்நுட்பக் காரணங்களால் ஊழியர்கள் அமர்ந்துள்ளனர், பொறுத்துக்கொள்ளவும்' என்று அறிவித்தார்கள். இரண்டாம் மாடியில் நாற்பத்து மூன்று பேரும் காலை நீட்டி, சுடிதாரின் கால்பட்டையைச் சுருட்டி, தங்கள் நரம்பு முடிச்சுகளைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவளுடையதைப் பார்த்தார்கள். ஒரே விடுதியில் படுக்கிறவர்கள்தான், ஆனால் வெளிச்சத்தில் அதுவரை பார்த்ததில்லை.

"ஏட்டி, உனக்கும் இம்புட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உனக்கு மேப்பு மாதிரி இருக்கேட்டி. இது தாமிரபரணி, இது சிற்றாறு."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி அழுதாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது என்றாள். ஒரு ஆளை உட்காரவைக்க இவ்வளவு சுலபமாக முடியும் என்றால், இத்தனை வருஷம் யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் யோசித்து, முயற்சி எடுத்துத்தான் தங்களை நிற்கவைத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

குணசீலன் மட்டும் தூணோடு நின்றார். அவரை உட்காரச் சொல்லி அக்காவே கூப்பிட்டாள். "வேண்டாம்மா, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார். சொல்லிவிட்டுத் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்தவர்கள். இரண்டரை மணி ஆனது. அப்போது ஒரு சிக்கல் வந்தது. கழிப்பறைக்கே காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிற கடை அது. மதிய முறை வந்து, யாராலும் எழ முடியவில்லை. அக்கா குணசீலனிடம் போனை வாங்கிச் சின்ன முதலாளியைக் கூப்பிட்டாள். அவர் போனைப் பேச்சியின் காதில் வைத்தார்.

"ஏ பேச்சி, இசக்கி பேசுதேன்."

"உட்கார்ந்திருக்கீங்களாக்கா?"

"உட்கார்ந்திருக்கோம்ட்டி. மூணு மணி நேரமா. உன் புண்ணியத்துல."

"நான் எந்திக்க மாட்டேன்க்கா."

"எந்தி. ஒன்னுக்கு முட்டுது. இருநூறு பேருக்கும் முட்டுது."

அக்ஷரா பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தி" என்றாள் அக்கா. "நாளைக்கு மறுபடி உட்காரு."

அதனால் பேச்சி எழுந்தாள். முதலாளிக்காக இல்லை, நாற்காலிக்காக இல்லை. அவள் எழுந்தபோது ஐந்து மாடியும் எழுந்து கழிப்பறை வாசலில் வரிசை நின்றது.

திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை என்று விடுதி வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். கடையின் நற்பெயரைத் தரையில் கிடத்தியதாகக் கடிதத்தில் எழுதியிருந்தது. அந்த உடுப்பையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக சைக்கிள் கடை மாடிக்குப் போனாள். பிரின்ஸ் கோபமாக இருந்தான்.

"நாலு தடவ வாசல் தொறந்துச்சு. நாலு தடவ."

"பாத்தேன் மாஸ்டர்."

"பின்ன?"

"இப்போ மணி என்ன மாஸ்டர்?"

பதினொன்றரை. பேச்சி மேட்டில் ஏறினாள். பிரின்ஸின் காலரைப் பிடித்தாள், கையைப் பிடித்தாள், உட்கார்ந்தாள். கடையில் இருநூற்றுப் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் கழித்து அவள் எழுந்தாள், அவர்களும் எழுந்தார்கள். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

ஊர் அதை ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டது. பதினொன்றரைக்கு அந்தக் கடைக்குப் போனால் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். எதிர்க் கடைத் தேநீர்க்காரர் சரியாக அந்த நேரத்துக்குத் தூக்குவாளியோடு மாடியேறினார். உட்கார்ந்த கை எடுத்துக் கொடுத்த சேலை சாயம் போகாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடைக்காரர்கள் முதல் வாரம் வாசலில் பலகை வைத்தார்கள்: 'காலை 11.30 முதல் 11.50 வரை ஊழியர்கள் அமர்ந்திருப்பார்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இரண்டாம் வாரம் பலகை மாறியது: 'அமர்வு நேரச் சிறப்புத் தள்ளுபடி.' அந்த இருபது நிமிடத்துக்குக் கூட்டம் அலைமோதியது. உட்கார்ந்த பெண்களின் மடியிலும் தோளிலும் சேலைகள் வந்து விழுந்தன, மூன்று பேர் வேலையை ஒருத்தி பார்த்தாள், நின்றபோது இருந்த ஓய்வுகூட உட்கார்ந்தபோது இல்லை. அக்கா பேச்சிக்குப் போன் செய்து அழுதாள். என் அக்கா அழுது நான் கேள்விப்பட்டது அது ஒரு தடவைதான்.

பேச்சி அப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்திருந்தாள். அங்கே நாற்காலி உண்டு. மறுநாள் பதினொன்றரைக்கு அவள் சைக்கிள் கடை மாடிக்குப் போகவில்லை. வாசலில் தள்ளுபடிக்கு நின்ற கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. பிற்பகல் மூன்று பத்துக்கு, மழை வந்து ஜெராக்ஸுக்கு ஆள் இல்லாத நேரத்தில், அவள் போய்ப் பிரின்ஸை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நாள் காலை பத்தே காலுக்கு. அதற்கடுத்த நாள் மாலை ஐந்து ஐம்பதுக்கு, நாற்பது நிமிடம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, பலகை எழுதுகிறவருக்கும் தெரியவில்லை. பலகையை எடுத்துவிட்டார்கள். நாலாம் வாரத்தில் ஒரு மதியம், குணசீலன் தூணைப் பிடிக்க மறந்துபோனார். தரையில் உட்கார்ந்தவர், பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, "யாரும் பாக்காதீங்க" என்று மட்டும் சொன்னாராம். யாரும் பார்க்கவில்லை.

பேச்சிக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று அக்காவிடம் கேட்டேன். "அவ எதுக்குத் தணியணும்?" என்றாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நானே தேடிச் சரிபார்த்தேன், வேறு யார் சொல்லையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிற எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்வதற்காக, என்று தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைச் சட்டமன்றம் நிறைவேற்றியது 2021-இல். முத்துப்பேச்சி கீழே உட்கார்ந்தது 2024 ஆடியில்.